மேடிசனிலிருந்து கிண்டிக்கு: பல்கலைக்கழக வானொலி நடந்து வந்த பாதை

கிண்டி, கோட்டூர்புரம் பக்கம் ரேடியோவைத் திருகினால் 90.4-ல் அண்ணா எஃப்.எம். கேட்கும். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்து மாணவர்கள் நடத்தும் நிலையம் என்பது பலருக்குத் தெரியும். அதன் மூதாதையரைத் தேடிப் போனால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பால் மாடுகளுக்கும் பாலாடைக் கட்டிக்கும் பேர்போன ஊர்களுக்கு நடுவே போய் நிற்போம்.

அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் மேடிசன் நகரில் இருக்கிறது. 1904-ல் அதன் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ், பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்றார். வெறும் மேடைப் பேச்சாக அது நின்றுவிடவில்லை. பேராசிரியர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசினார்கள், பாடங்கள் தபாலில் போயின. ஆனால் நாளைக்குப் பனி பெய்யுமா என்பதைத் தபாலில் சொல்லி அனுப்ப முடியாது.

1915-ல் அங்கே 9எக்ஸ்எம் என்ற பெயரில் ஒரு சோதனை நிலையத்துக்கு உரிமம் கிடைத்தது. பொறியியல் துறையில் தொடங்கி, பிறகு இயற்பியல் பேராசிரியர் ஏர்ல் டெரியின் கைக்கு வந்தது. வானிலைத் துறை அதிகாரி எரிக் மில்லரின் அலுவலகமும் அதே வளாகத்தில்தான். 1916 டிசம்பரில் தினசரி வானிலை அறிக்கை மோர்ஸ் குறியீட்டில் காற்றில் ஏறியது. மோர்ஸ் புரிந்த யாராவது ஊரில் இருந்து, கேட்டு எழுதிச் சொன்னால்தான் விவசாயிக்குப் பலன். மனிதக் குரலே நேராகப் போய்விட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று டெரி நினைத்தார்.

குரலை அனுப்ப வால்வு என்ற வெற்றிடக் குமிழ் வேண்டும். அவருக்குத் தேவையான வால்வு கடையில் சல்லிசாகக் கிடைக்கிற சரக்கு இல்லை. ஆகவே ஆய்வுக்கூடத்திலேயே செய்தார்கள். கண்ணாடியை உருக்கி, ஊதிக் குமிழாக்குவார்கள். உள்ளே மெல்லிய இழை, வலைக்கம்பி, உலோகத் தகடு மூன்றையும் ஒன்றோடொன்று படாமல் பொருத்துவார்கள். பிறகு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டே சூடேற்றி, வாயை உருக்கி அடைப்பார்கள். மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் இழை கருகிவிடும். கருகினால் அடுத்த குமிழை ஊத வேண்டியதுதான். டெரியிடம் உதவியாளராக இருந்த மாணவர் மால்கம் ஹான்சன் பின்னாளில் அட்மிரல் பேர்டின் அண்டார்டிகா பயணத்தில் வானொலிப் பொறியாளராகப் போனார். கருகிய வால்வுகளோடு மல்லாடிப் பழகிய கைக்குப் பனிக்கட்டி பெரிதாகத் தெரிந்திருக்காது.

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் தனியார் நிலையங்களையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் 9எக்ஸ்எம் கடற்படைக்கான சோதனைகளைச் செய்ய அனுமதிக்கப்பட்டது. நாடெங்கும் வாய் மூடிக் கிடந்த காலத்தில் மேடிசனில் பழக்கம் விட்டுப்போகவில்லை. 1921 ஜனவரி 3-ல் வானிலை அறிக்கை குரலிலேயே ஒலித்தது. மறு ஆண்டு நிலையத்துக்கு டபிள்யூஎச்ஏ என்று பெயர் மாறியது.

பிறகு எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. 1921 முதல் 1936 வரை அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு 202 வானொலி உரிமங்கள் தரப்பட்டன. 1937 தொடங்கும்போது மிஞ்சியவை 38. நல்ல அலைவரிசைகள்மேல் வணிக நிலையங்களுக்குக் கண். பல கல்லூரிகளிடம் வழக்காடப் பணமும் இல்லை, அலைவரிசை மாற்றத்துக்கெல்லாம் புதுக் கருவி வாங்க வசதியும் இல்லை. டபிள்யூஎச்ஏ தப்பிப் பிழைத்ததற்கு அதன் நேயர்களே காரணம் என்பது என் எண்ணம். பனி எப்போது விழும், சந்தையில் பன்றி என்ன விலை போகிறது என்று தினமும் காதில் வாங்கிக்கொள்கிற குடும்பங்கள் ஒரு நிலையத்தைச் சாகவிடுமா?

1931-ல் பள்ளிகளுக்கான ஒலிபரப்பு தொடங்கியது. ஒரே வாத்தியார் எல்லாப் பாடமும் எடுக்கும் கிராமத்துப் பள்ளிகளில் எட்கர் கார்டன் வானொலி வழியே பாட்டுக் கற்றுக்கொடுத்தார். பின்னால் ஓவியமும் வானொலியில் வந்தது! ஆசிரியர் கதை சொல்லச் சொல்ல, எங்கோ ஒரு வகுப்பறையில் பிள்ளைகள் மனத்தில் தோன்றியதை வரைவார்கள். பேச வர வேண்டியவர் ஒருநாள் வராமல் போனதால் நிலையத் தலைவர் ஹரால்ட் மெக்கார்ட்டி கைக்கு அகப்பட்ட புத்தகத்தை எடுத்து வாசித்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். தினம் ஓர் அத்தியாயம் வாசிக்கும் நிகழ்ச்சி அப்படிப் பிறந்ததாம்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. உரிமத்தின்படி பொழுது சாய்ந்ததும் நிலையத்தை மூடியாக வேண்டும். பண்பலை வந்ததும் இந்தக் கட்டு அவிழ்ந்தது. 1947-க்கும் 1952-க்கும் இடையில் மாநிலம் நெடுக 8 பண்பலை நிலையங்கள் எழுந்தன. வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவது போல, ஒரு கோபுரத்தின் ஒலியை அடுத்த கோபுரம் காற்றிலிருந்தே வாங்கி அதற்கடுத்ததற்குக் கொடுத்தது. மேடிசன் பேச்சு வடகோடி ஏரிக்கரைவரை போயிற்று.

இதே ஆசை கனடாவிலும் முளைத்திருந்தது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 1927-ல் சிகேயுஏ என்ற நிலையத்தைத் தொடங்கியபோது, ஆன்டெனாக் கம்பி கட்டக் காற்றாலைக் கோபுரங்களைப் பயன்படுத்தினார்கள். 1941-ல் அந்த நாட்டில் பண்ணை வானொலி மன்றம் பிறந்தது. அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள், விவாதிப்பார்கள், முடிவை எழுதி அனுப்புவார்கள். யுனெஸ்கோ இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1956-ல் புனே வானொலியை மையமாக வைத்து 150 கிராமங்களில் 20 நிகழ்ச்சிகளுடன் சோதனை நடந்தது. அது வெற்றி பெறவே நாடெங்கும் கிராம வானொலி மன்றங்கள் தோன்றின. 1960களில் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 என்ற புது நெல்லைப் பற்றித் திருச்சி வானொலியில் கேட்டு விதைத்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ரேடியோ நெல்.

மறுபடி விஸ்கான்சினுக்கு வருவோம். அங்கே வானொலிப் பாடம் கேட்டு வளர்ந்த பில் சீமரிங் என்ற பையன் பிறகு டபிள்யூஎச்ஏ-விலேயே வேலை பார்த்தார். அடுத்து பஃபலோ நகரத்துப் பல்கலைக்கழக வானொலிக்குப் போய், கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஓர் ஒலிபரப்புக் கூடத்தையே திறந்தார். 1970-ல் உருவான அமெரிக்கத் தேசியப் பொது வானொலியின் நோக்க அறிக்கையை எழுதியவர் அவர்தான்.

நம் ஊர்க் கதைக்கு ஒரு கிரிக்கெட் போட்டி காரணம். 1993 ஹீரோ கோப்பை அரையிறுதியில் சச்சின் கடைசி ஓவர் வீசி, தென்னாப்பிரிக்காவுக்கு வேண்டியிருந்த 6 ஓட்டங்களில் 3 மட்டுமே கொடுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தொடரை ஒளிபரப்பும் உரிமை யாருக்கு என்று தூர்தர்ஷன் தரப்புக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தகராறு. வெளிநாட்டு நிறுவனம் கொண்டுவந்த கருவிகளைச் சுங்கத்துறை நிறுத்திவைக்கும் அளவுக்குப் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, வானலைகள் பொதுச்சொத்து என்றது. அரசின் கைக்குள் இருந்த வானொலிக் கதவு அங்கேதான் நெகிழ்ந்தது.

2001-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஞான் வாணி அலகாபாத்தில் ஒலிக்கத் தொடங்கியது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் சொந்தமாக வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா எஃப்.எம். பிறந்தது. சென்னைக்கு வானொலி நடத்துவது புதிதல்ல. 1924-லேயே கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒலிபரப்பியது. 80 ஆண்டு கழித்து வளாக நிலையங்களுக்குக் கிடைத்தது பொதுவாக 50 வாட்தான். சுற்றுவட்டாரக் குடியிருப்புப் பெண்களும் அண்ணா எஃப்.எம்.மில் உடல்நலம், சத்துணவு நிகழ்ச்சிகளில் பங்கெடுத்தார்கள்.

பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி, பெருந்துறையில் கொங்கு, வல்லத்தில் பெரியார் மணியம்மை, கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் என்று பல நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் தன் கோபுரத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல இன்றும் அனுமதி இல்லை. இந்தத் தடை நீங்க வேண்டும். நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கவும் வேண்டும். விஸ்கான்சினில் 8 கோபுரங்கள் கட்டிச் செய்ததை இங்கே இணைய இணைப்பே செய்துவிடும். கோவையில் பயிர்ப் பூச்சி பற்றி ஒரு பேராசிரியர் காலையில் எச்சரித்தால், அதே காலை அது வல்லத்து வயல்காரருக்கும் பெருந்துறை மஞ்சள் விவசாயிக்கும் கேட்க வேண்டும்.