சங்கரன்கோவில் வட்டாரத்தில் உள்ளாட்சியும் குடிநீர், துப்புரவு வசதிகளும்

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் நகராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் குடிநீர் வழங்குவதும் துப்புரவும் உள்ளாட்சிகளின் கடமை. திட்டம் தீட்டுவதும் பெருநிதி ஒதுக்குவதும் அரசிடமே இருப்பதால், பகிர்மானமும் பராமரிப்புமே உள்ளாட்சிகளின் முதன்மைப் பணி.

தோற்றம்

வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானத்தை ஒட்டி, சென்னை மாகாணத்தில் 1884இல் மாவட்ட நகராட்சிச் சட்டமும் தல ஸ்தாபனச் சட்டமும் இயற்றப்பட்டன. நகரங்களுக்கு வெளியே ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என மூன்றடுக்கு அமைந்தது. அந்நாளில் சங்கரநயினார்கோவில் என வழங்கிய இவ்வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. இரு சட்டங்களும் 1920இல் புதுப்பிக்கப்பட்டன. பொதுக் கிணறும் பொதுச் சாலையும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானம் 1924இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன. காமராசர் ஆட்சியின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஜில்லா போர்டுகளுக்கு மாற்றாக ஊராட்சி ஒன்றியங்களைக் கொணர்ந்தது. 1971இல் குடிநீர் வடிகால் வாரியம் நிறுவப்பட்டதும் பெருந்திட்டப் பொறியியல் மாநிலத்தின் கைக்கு வந்தது.

அதிகாரப் பங்கீடு

அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஊரகத்துக்கான பதினோராம் அட்டவணையின் 29 துறைகளிலும் நகர்ப்புறத்துக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 துறைகளிலும் குடிநீரும் துப்புரவும் அடங்கும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. குடிநீர்த் திட்டங்கள் இருவகை:

1. தனித் திட்டம்: ஆழ்துளைக் கிணறு, மின்மோட்டார், மேல்நிலைத் தொட்டி அனைத்தும் ஊராட்சியின் பொறுப்பு.
2. கூட்டுக் குடிநீர்த் திட்டம்: வாரியம் ஆற்றுநீரை மொத்தமாக ஊர்த்தொட்டி வரை தரும், அதற்குமேல் உள்ளாட்சி பார்த்துக்கொள்ளும்.

ஊராட்சியில் தொட்டி இயக்குபவர் வால்வைத் திருப்பித் தெருத்தெருவாக முறைவைத்துத் தண்ணீர் விடுவார். மேட்டுத் தெருவுக்கும் குழாயின் கடைசியிலுள்ள குடியிருப்புக்கும் அழுத்தம் குறையும். அந்த முறையை மாற்றச் சொல்லி மக்கள் முதலில் அணுகுவது வார்டு உறுப்பினரையே. வாறுகால் அள்ளுவதும் பொதுக் கழிப்பறைப் பராமரிப்பும் அப்படியே. பட்டியலினத்தாருக்கும் பெண்களுக்குமான இடஒதுக்கீடு, விடுபட்ட தெருக்களின் குரலை மன்றத்துக்குக் கொண்டுசேர்த்தது.

பதினைந்தாம் நிதிக்குழு ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டிவைத்தது. இதனால் பணம் உறுதியானது. செலவைத் தீர்மானிக்கும் உரிமை சுருங்கியது.

தேர்தல் இடைவெளி

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் உள்ளாட்சிகள் தனி அலுவலர்களிடம் சென்றன. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. ஆனால் அவ்வாண்டுதான் உருவான தென்காசிக்கு 2021 அக்டோபரிலும், நகராட்சிக்கு 2022 பிப்ரவரியிலுமே தேர்தல் வந்தது. ஐந்தாண்டுக் காலம் குறைகேட்க வார்டு உறுப்பினர் இல்லாமல் போனதே அதிகாரப் பரவலாக்கத்துக்கு இங்கு நேர்ந்த பெரிய பின்னடைவு.

இன்றைய நிலை

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊரக வீடுகளுக்குக் குழாய் இணைப்புகள் தரப்படுகின்றன. 2023 முதல் நகராட்சி, தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தின்கீழ் இயங்குகிறது.