நல்ல டைமோனின் தீவு

சென்னையிலிருந்து கிளம்பிய கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் கடலில் கிடந்துவிட்டு போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் வந்து கட்டுகிறது. அதிலிருந்து இறங்குகிற தமிழர்களிடம் ‘அந்தமான்’ என்றால் என்ன என்று கேட்டால், பலரும் சொல்லும் விடை அனுமன். மலாய்க்காரர்கள் அனுமனை ‘ஹண்டுமான்’ என்பார்கள், அது தேய்ந்து அந்தமான் ஆயிற்று என்பது அந்தக் கதை. இராமாயணப் பாசம் உள்ளவர்களுக்கு இது போதும். ஆனால் இதே பெயரைக் கிரேக்கத்தோடு முடிச்சுப் போட்டவரும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி யூல் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த டாலமியின் நிலவியல் நூலில் ஒரு தீவின் பெயரைப் பார்த்தார். ‘அகதோஸ் டைமோன்’ தீவு. நல்ல டைமோனின் தீவு என்று பொருள். தீவுக்காரர்கள் சொன்ன ஏதோ ஒரு பெயரைக் கிரேக்கர்கள் தங்கள் காதுக்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கலாம், அந்தப் பெயரே பின்னால் அந்தமான் ஆகியிருக்கலாம் என்பது அவர் ஊகம்.

ஊகம் சரியா தவறா என்பதைப் பிறகு பார்ப்போம். டைமோன் என்றால் யார்? அதைத் தெரிந்துகொள்ளக் கிரேக்கக் காப்பியத்துக்கும் நாடகத்துக்கும்தான் போக வேண்டும்.

சொல்லின் வேர் ‘பங்கிடுதல்’ என்ற பொருளுடையது என்பது மொழியறிஞர் பெரும்பாலோர் கருத்து. ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கை அளந்து போடுகிற ஆற்றல்தான் டைமோன். தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை. தொல்காப்பியம் ‘பால்வரை தெய்வம்’ என்கிறதே, அதுவேதான். பால் என்றால் பங்கு, பால் என்றால் ஊழ். பங்கை வரையறுக்கிற தெய்வம். தலைவனும் தலைவியும் முதன்முதலாக எதிர்ப்படுவதே பாலின் ஆணையால்தான் என்று களவியல் சொல்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள், பங்கு என்ற எளிய சொல்லிலிருந்து விதியை நோக்கி ஒரே வழியில் நடந்திருக்கின்றன. எனக்கு இதைவிட வியப்பான செய்தி இந்த ஆராய்ச்சியில் வேறில்லை.

ஹோமர் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் பெயர் தெரியாத தெய்வத்துக்கு வைத்துக்கொள்கிறார். திடீரென்று காற்று திரும்பினால், கை வில்லின் நாண் அறுந்தால், இன்ன தெய்வம் என்று சொல்ல முடியாதபோது டைமோன் என்கிறார்கள் அவருடைய மாந்தர்கள். ஆனால் அவருடைய இலியட் காப்பியத்தின் மூன்றாம் பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. போர்க்களத்தில் தோற்கவிருந்த டிராய் இளவரசன் பாரிஸைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் விட்டுவிட்டு, காதல் தெய்வமான அப்ரோடைட் அவன் கவர்ந்துவந்த ஹெலனைக் கூப்பிட வருகிறாள். கம்பளி சிக்கெடுக்கும் கிழவி வேடம். ஹெலன் ஆடையைப் பிடித்து இழுக்கிறாள். அந்தக் கழுத்தையும் கண்களையும் பார்த்ததுமே ஹெலனுக்கு ஆளைத் தெரிந்துவிடுகிறது. நீயே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள் என்று சீறுகிறாள். தெய்வம் மிரட்டியதும் அடங்குகிறாள். வெண்துகிலைப் போர்த்திக்கொண்டு, டிராய் நகரத்துப் பெண்கள் ஒருவர் கண்ணிலும் படாமல், வாய் திறவாமல் நடக்கிறாள். முன்னே டைமோன் போகிறது. அதுவரை பெயர் சொல்லி வந்த தெய்வத்தை அந்த ஓரடியில் மட்டும் ஹோமர் டைமோன் என்கிறார். ஒரு பெண் தன் பங்கு என்ன என்று புரிந்துகொண்டு பின்னால் நடக்கிறாள். அங்கே அந்தச் சொல்தான் பொருந்தும்.

ஆண்களுக்கு இந்தச் சொல் பெரும்பாலும் சாக்காகப் பயன்பட்டது. நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் அதை ஒரு பெண்ணின் வாயில் வைத்தார். கி.மு. 458-இல் ஆதென்ஸில் அரங்கேறிய ‘அகமெம்னன்’ நாடகத்தில், கணவனைக் கொன்றுவிட்டு அவன் பிணத்தருகே நிற்கிறாள் கிளைட்டம்னெஸ்ட்ரா. மகளைப் பலி கொடுத்துவிட்டுப் போருக்குப் போனவன் அவன். இதைச் செய்தது அகமெம்னனின் மனைவி என்று எண்ணாதீர்கள், இந்தக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்திருக்கும் பழி தீர்க்கும் ஆவிதான் அவள் உருவில் வந்தது என்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் முழுதாக ஒப்பவில்லை. ஆவி துணை நின்றிருக்கலாம், ஆனால் உனக்குக் குற்றமில்லை என்று சாட்சி சொல்ல யார் வருவார் என்று கேட்கிறார்கள். ஊழுக்கும் உரிமைக்கும் நடந்த வழக்கில் அந்தப் பெரியவர்களைவிட நேர்மையான தீர்ப்பை நான் படித்ததில்லை.

யூரிப்பிடிஸின் ‘அல்செஸ்டிஸ்’ (கி.மு. 438) எதிர்த்திசையில் போகிறது. கணவனுக்குப் பதிலாகச் சாக ஒப்புக்கொண்டவள் அல்செஸ்டிஸ். அவள் கல்லறையைச் செத்தவர் மேடு என்று எண்ணாதீர்கள், வழிப்போக்கர் கும்பிட்டுப் போகும் இடமாகட்டும், அவள் இப்போது பேறுபெற்ற டைமோன் என்று பாடுகிறது நாடகத்தின் பாடற்குழு. நடுகல்லும் கண்ணகி கோட்டமும் உள்ள நாட்டவருக்கு இது புதிதாகத் தோன்றாது. செத்த மனிதர் தெய்வமாகும் வழி கிரேக்கத்திலும் திறந்தே இருந்தது. பொற்காலத்து மாந்தர் மாண்டபின் மக்களைக் காக்கும் டைமோன்கள் ஆனார்கள் என்று ஹெசியட் அதற்கும் முன்பே பாடிவிட்டார்.

இந்தப் பெருந்தெய்வக் கதைகளுக்கு நடுவே வீட்டு டைமோன் ஒன்றும் இருந்தது. அதுதான் அகதோஸ் டைமோன். விருந்து முடிந்ததும் தண்ணீர் கலக்காத மதுவை அதற்கென்று கொஞ்சம் ஊற்றி ஒரு மிடறு குடிப்பார்கள். அதன் உருவம் பாம்பு. அலெக்சாந்திரியா நகருக்கே அது காவல் தெய்வம். அந்த ஊரில் உட்கார்ந்துதான் டாலமி, காவிரிப்பூம்பட்டினத்தையும் கொற்கையையும் முசிறியையும் தம் நூலில் குறித்தார். கீழ்க்கடலுக்கு அப்பாலிருந்து ஏதோ ஒரு பெயர் மாலுமிகள் வாய்வழி வந்தபோது, அவர் காதில் ஊர்க் காவல் தெய்வத்தின் பெயர் விழுந்திருந்தால் அதில் வியப்பில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் யூலின் ஊகத்தை நான் ஏற்கத் தயங்குகிறேன். டாலமியின் கணக்கில் அந்தத் தீவு வெகு தெற்கே விழுகிறது. நிக்கோபார்தான் என்று சொல்வோரும் உண்டு. அனுமன் கதைக்கோ இந்த அளவு பழஞ்சான்றும் கிடையாது. கையில் பிடிக்கத்தக்க முதல் சான்று, கி.பி. 851-ஐச் சேர்ந்த அரபுப் பயணக் குறிப்பில் வரும் ‘அந்தமான்’. அதன்பின் மார்க்கோ போலோவின் ‘அங்கமனாயின்’. சோழர் பக்கம் பார்த்தால், இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் இருக்கிறது; அது நிக்கோபார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரபுக்காரர் இத்தீவினரை நரமாமிசம் தின்பவர் என்றனர், மார்க்கோ போலோ நாய்முகத்தவர் என்றார். டாலமியும் அதே கடற்பகுதியில் மனிதர்களைத் தின்பவர்களுக்கென்று சில தீவுகளை ஒதுக்கினார். ஹோமர் காலத்திலிருந்தே கடலின் விளிம்பில் தெய்வமோ அரக்கனோதான் இருக்க வேண்டும், மனிதன் இருக்கக் கூடாது. ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் ஹோமரின் ஒடிசியஸ் தன் பெயரை மறைத்துத் தப்பினான். மணிமேகலையின் சாதுவனோ கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கி, அவர்கள் மொழி தெரிந்ததால் உயிர் பிழைத்தான். தமிழ்க் காப்பியம் அந்த ஓரிடத்தில் கிரேக்கக் காப்பியத்தை விஞ்சி நிற்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

பிற்காலத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் டைமோனைத் தீய ஆவியாக மட்டும் ஆக்கினார்கள். ஆங்கில ‘டீமன்’ அப்படி வந்தது. தமிழ் விவிலியம் அதைப் பிசாசு என்றது. அல்செஸ்டிஸுக்குச் சூட்டிய பெயர் கடைசியில் பேய் ஓட்டுபவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

தீவுக்காரர்களிடமும் இதற்கு ஈடான ஒரு சொல் இருந்தது. 1906 முதல் 1908 வரை அந்தமானில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ரேட்கிளிஃப்-பிரௌன், 1922-இல் வந்த தம் நூலில் ‘லாவு’ என்ற சொல்லைப் பதிவு செய்திருக்கிறார். காட்டிலும் கடலிலும் திரியும் ஆவிகளுக்கும் இறந்தோர் ஆவிகளுக்கும் அது பெயர். இந்தியாவிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். அலெக்சாந்திரியாக்காரர் பார்க்காத தீவை ஆவியின் தீவு என்றார். தீவுக்காரர் கடல் கடந்து வந்த நம்மை ஆவி என்றார். நாம் கொண்டுவந்ததைப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷார் பழங்குடியினருக்கென்று நடத்திய ‘அந்தமான் இல்லங்களில்’ ஒன்று இந்த ஹேடோவில்தான் இருந்தது. 1877-இல் பரவிய தட்டம்மை அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று.

போர்ட் பிளேர் வட்டாரத்தில் வாழ்ந்தவர்களின் மொழி ஆகா-பேயா. இன்று அதைப் பேச ஒருவரும் இல்லை. பிரிட்டிஷ் அதிகாரி ஈ.எச். மேன் தொகுத்த அந்த மொழியின் அகராதி 1923-இல் ஆங்கிலத்தில் அச்சேறியது. நரமாமிசக் கதைக்கு ஆதாரமே இல்லை என்று எழுதியவரும் அவர்தான். தீவில் தமிழ்ப் பள்ளிகளும் சங்கமும் இருக்கின்றன, எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தமான் என்ற பெயருக்கு அனுமனையும் டைமோனையும் தேடுகிற உழைப்பில் ஒரு பகுதியைச் செலவிட்டு, அந்த ஆகா-பேயா அகராதியைத் தமிழில் கொண்டுவர யாரேனும் முன்வர வேண்டும்.