ஹோமாய் வியாரவாலா

ஹோமாய் வியாரவாலா (1913–2012), இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் எனப் பிரசித்தி பெற்றவர். ஆங்கில ஆட்சியின் அந்திமக் காலத்துத் தில்லியில் வெள்ளை அதிகாரிகளும், அவர்களுக்குப் பின் அதிகாரம் ஏற்ற நம்மவரும் விருந்து, கேளிக்கை, உபசாரம் என்று நடத்திய வாழ்வை மெல்லிய ஹாஸ்யத்தோடு பதிவு செய்தவர்.

குஜராத்தின் நவ்சாரியில், ஊர் ஊராய்ச் சென்று நாடகமாடிய பார்சி நடிகர் ஒருவரின் மகளாகப் பிறந்து, பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்று, பின்னாளில் கணவரான மானெக்‌ஷாவிடம் காமிராத் தொழிலைக் கற்ற இவருடைய முதல் படங்கள், மாதர் சங்கத்தின் உல்லாசப் பயணம் ஒன்றைப் பற்றியவை; ‘பாம்பே கிரானிகிள்’ பத்திரிகை அவற்றுக்குப் படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. ஆரம்பத்தில் பல படங்கள் கணவர் பெயரிலேயே அச்சேறின என்பது வருத்தத்திற்குரியது.

1942-இல் பிரிட்டிஷ் செய்தித் துறையில் உத்தியோகம் ஏற்றுத் தில்லிக்கு வந்தவர், புடவை உடுத்து, கனத்த காமிராவைச் சுமந்து, சைக்கிளிலேயே ராஜதானியைச் சுற்றினார். அரியலூர்ச் சீமையின் ரெட்டிபாளையம் போன்ற சிற்றூர்களில் படம் எடுப்பதென்றால் குடும்பத்தார் விறைத்து நின்று காமிராவையே நோக்குவது வழக்கமாயிருந்த அக்காலத்தில், பெரிய மனிதர்கள் தம்மை மறந்திருக்கும் க்ஷணத்திற்காகவே இவர் காத்திருந்தார். ஒரு பெண்தானே என்று அவர்கள் பொருட்படுத்தாமல் இருந்ததே இவருக்கு அனுகூலமாயிற்று.

விமானத்தினுள் பிரதமர் நேரு, தம் வாயிலும் ஒரு சிகரெட் இருக்க, பிரிட்டிஷ் துணை ஹைகமிஷனரின் மனைவியின் சிகரெட்டுக்கு நெருப்பு ஏற்றும் படம் இவர் எடுத்தவற்றுள் தலையாயது: மாதரை உபசரிக்கும் ஆங்கிலச் சம்பிரதாயத்தை, அந்த ஆங்கிலேயராலேயே பன்முறை சிறையிடப்பட்ட மனிதர் அத்தனை லாவகமாக அனுஷ்டிப்பதைக் காணும்போது, சரித்திரத்தின் விநோதம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். பாலம் விமான நிலையத்தில், படமெடுப்பது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது என்று அறிவிக்கும் பலகையின் அருகே நேரு நிற்கும் படமும் அத்தகையதே.

இங்கிலாந்தின் கடற்கரை விடுமுறைகளையும் திருவிழாக்களையும் படமாக்கி, 1972-இல் இளவயதிலேயே மறைந்த டோனி ரே-ஜோன்ஸ் சாமானியரின் விநோதங்களைக் கண்டார். ஹோமாய் கண்டதோ பெரும்பாலும் அதிகார பீடத்தினரை. ஆயினும் இவருடைய சிரிப்பு எவரையும் புண்படுத்தியதில்லை.

தம் காரின் எண் ‘டி.எல்.டி. 13’ என அமைந்ததால் ‘டால்டா 13’ என்ற புனைபெயர் பூண்ட இவர், புதிதாக வந்த படக்காரர்களிடம் கண்ணியம் குன்றியது கண்டு 1970-இல் தொழிலைத் துறந்தார். 2011-இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். இவருடைய படத்தொகுப்பு தில்லி அல்காசி அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது.