ஆதுலர் சாலையும் கல்லறைத் தோட்டமும்

நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு அருகேயுள்ள கொடுமணலைக் கொங்கு நாட்டார்க்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 1985 முதல் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோரின் ஈமச் சின்னங்கள் வெளிப்பட்டன. உடன் புதைக்கப்பட்ட மணிகளும் கருவிகளும் அம்மக்களின் செல்வத்தையும் கைத்திறனையும் நமக்கு எடுத்துரைக்கின்றன. செல்வரின் கல்லறை பேசுவது எளிது. நோயும் வறுமையும் வாட்ட, அறச்சாலை ஒன்றின் கட்டிலில் உயிர்விட்ட எளியவரைப் பற்றி வரலாறு நமக்காக எதைச் சேமித்து வைத்திருக்கிறது?

விடை தேடுவோர் முதலில் செல்ல வேண்டிய இடம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. காலம் ஏறத்தாழ 1068. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. அவற்றோடு ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலையும் இருந்தது. ஆதுலர் என்றால் பிணியாளர். அங்கே 15 கட்டில்கள். ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியர் ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர், நீர் கொணர்வார் என ஒவ்வொருவர்க்கும் ஊதியம் குறிக்கப்பட்டுள்ளது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. இரவில் எரிய வேண்டிய ஒரு விளக்குக்கான எண்ணெயைக்கூட அக்கல்வெட்டு மறக்கவில்லை.

அந்த விளக்கொளியில் உறங்காது கிடந்தவர் யாவர்? 15 கட்டில்களில் படுத்தவருள் ஒருவர் பெயரும் கல்லில் இல்லை. கொடுத்தவரையும் பணி செய்தவரையும் கல் நினைவில் வைத்தது. பெற்றவரை எண்ணிக்கையாக மட்டுமே அறிந்திருந்தது.

அக்கல்வெட்டு பொறிக்கப்பட்ட நாளில் ஈழத்துப் பொலன்னறுவையும் சோழர் ஆட்சியில்தான் இருந்தது. 1070-இல் அவ்வாட்சி முடிந்தது. பின்னர் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, அந்நகரில் ஆளாகனப் பிரிவெனா என்னும் பெரும் பௌத்த மடத்தை எழுப்பினான். ஆளாகனம் என்பது உடலை எரியூட்டும் இடம். அரச குடும்பத்தாரின் சுடுகாட்டு நிலத்தில் எழுந்ததால் அப்பெயர். 1980-களில் அங்கு நடந்த அகழாய்வில் மருத்துவமனை ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. நடுமுற்றத்தைச் சூழச் சிற்றறைகள், நோயாளியை மருந்து நீரில் கிடத்துவதற்கு மனித உடல் வடிவில் குடைந்த கல்தொட்டி, அறுவைக் கருவிகள். சுடுகாடும் மருத்துவமனையும் அருகருகே இருந்தும், நோயாளியைப் பற்றி நாம் அறியக்கூடியது அந்தக் கல்தொட்டியின் நீளமும் அகலமும்தான். நெருப்பு மற்றதை எடுத்துக்கொண்டது.

நெருப்புக்கு இரையாகாதவரின் கதையை அறிய, இறந்தோரைப் புதைக்கும் மரபுள்ள நாட்டுக்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் நகரில் 1195-ஐ ஒட்டித் தொடங்கப்பெற்ற புனித யோவான் மருத்துவமனை, 1511-இல் மூடப்பட்டுக் கல்லூரியாயிற்று. அதன் கல்லறைத் தோட்டம் 2010 முதல் 2012 வரை அகழப்பட்டது. ஏறத்தாழ 400 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலோர்க்குப் பெட்டி இல்லை. பலர்க்குப் போர்த்திய துணியும் இல்லை. ஆயினும் வரிசையாக, ஒழுங்காக அடக்கம் செய்யப்பட்டிருந்தனர்.

2023-இல் வெளியான ஆய்வு அவர்களுடைய வாழ்க்கையை ஓரளவு மீட்டுத் தந்தது. பல் சிறுவயதில் உருவாகிப் பின் மாறுவதில்லை. எலும்போ வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால், ஒருவர் இளமையில் உண்டதும் முதுமையில் உண்டதும் விளங்கும். நல்ல உணவு உண்டு வளர்ந்து, பிற்காலத்தில் நொடித்து, நாணத்தோடு இம்மனையின் வாயிலில் வந்து நின்றோர் சிலர் இருந்தனர். வயதுக்கேற்ற வளர்ச்சி பெறாத சிறுவர் இருந்தனர். காசநோயின் தழும்பை எலும்பில் சுமந்தோர் இருந்தனர். 958 என்னும் எண்ணாலன்றி வேறு பெயரில்லாத ஒரு மனிதர், நாற்பது வயதைக் கடந்தவர், முகங்குப்புறக் கிடந்தார். அவர் தலையின் பின்புறத்தில் ஆறிப்போன பெருங்காயம் ஒன்று காணப்பட்டது. ஒருமுறை பிழைத்தவர் அவர்.

இதையும் மறைத்தலாகாது. தொழுநோயாளர், காயமுற்றோர், கருவுற்ற பெண்கள், மனநோயாளர் ஆகியோரை ஏற்கலாகாது என அம்மனையின் விதி கூறியது. இரக்கத்துக்கும் அன்று ஒரு கதவு இருந்தது. அது எல்லார்க்கும் திறக்கவில்லை. வெளியே நின்றவர்களின் எலும்பை எந்தத் தோட்டத்தில் தேடுவது?

திருமுக்கூடலில் வைத்தியரின் பெயர் உண்டு, நோயாளி இல்லை. கேம்பிரிட்சில் நோயாளி உண்டு, அவருடைய பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அறப்பணி ஒன்றின் வரலாறு நிறைவு பெறும். நம்முடைய மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் நன்கொடையாளர் பெயர் சலவைக்கல்லில் உண்டு, அது தகும். அங்கே இறுதி மூச்சு விட்ட, உறவினர் வராத ஒருவரின் பெயரோ ஏதோ ஒரு பதிவேட்டில் மட்டும் இருக்கும். அந்த ஏட்டைக் கரையான் அரிக்காமல் காப்பதும், இறந்தோரை அடக்கம் செய்தல் என்னும் இரக்கச் செயலின் ஒரு பகுதியே.

நவம்பர் 2-ஆம் நாள் நம் உற்றாரின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அவ்வேளையில், தோட்டத்தின் ஓரத்தில் பெயரற்றுக் கிடக்கும் மண்மேட்டிலும் ஒன்றை ஏற்றி வைப்போம். ஆதுலர் சாலையில் இரவெல்லாம் எரிந்த விளக்கும் பெயரறியாதவர்க்காக எரிந்ததே.