அன்றாடத்தின் ஆவணம்: சென்னைப் பொதுப் போக்குவரத்தின் தொடக்ககால எண்ணிமப் படங்களும் காலக்கணிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

1990களின் இறுதி முதல் 2015 வரை சென்னையின் பேருந்துகள், ரயில்கள், தெருக்கள் ஆகியவற்றைத் தனிமனிதர்கள் எடுத்த எண்ணிம ஒளிப்படங்களை வரலாற்றுச் சான்றாகக் கையாளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. கோப்பில் பதிவாகியுள்ள நேரத்தைவிடப் படத்துக்குள் காணப்படும் போக்குவரத்து அடையாளங்களே காலக்கணிப்புக்கு உறுதியான அடித்தளம் என்பதை நிறுவுவது இதன் நோக்கம்.

முன்னுரை

நகரப் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர்க்கு அரசாணைகளும் ஆண்டறிக்கைகளும் தொடக்கவிழாச் செய்திகளும் முதன்மைச் சான்றுகளாகின்றன. ஒரு தடம் எப்போது திறக்கப்பட்டது என்பதை இவை தெரிவிக்கும். அதில் மக்கள் எவ்வாறு பயணம் செய்தனர் என்பதைத் தெரிவிப்பது அரிது. சென்னைப் பேருந்தில் நடத்துநர் பின்வாயிலருகே தம் இருக்கையில் அமர்ந்திருப்பார். பயணிகள் கொடுக்கும் காசும் அவர் தரும் பயணச்சீட்டும் முன்பின் அறியாதவர் பலரின் கைகள் வழியே சென்று சேரும். இவ்வழக்கத்தை அறிக்கைகளில் தேடுவது பயன் தராது. பேருந்துக்குள் எடுத்த ஒரு படத்தில் அது நீட்டிய கைகளின் வரிசையாகப் பதிவாகியிருக்கும்.

படச்சுருளில் பெரும்பாலும் 36 படங்களே அடங்கின. கழுவுதலுக்கும் அச்சிடுதலுக்கும் தனிச்செலவு ஆயிற்று. ஆதலால் திருமணமும் திருவிழாவும் படமாயின. பேருந்து நிறுத்தம் படமாவது அருகியே நிகழ்ந்தது. எண்ணிமக் கருவி வந்தபின் ஒவ்வொரு கூடுதல் படத்துக்கான செலவும் ஏறத்தாழ இல்லாமற்போயிற்று. தட எண் பலகை, படிக்கட்டுப் பயணம், நிறுத்தத்தில் காத்திருப்போர் முதலியன படமாகத் தொடங்கியது இதன் விளைவாகும்.

கோப்பின் சான்று

1990களின் நடுவில் ஜப்பானில் உருவான எக்சிஃப் தரவரையறைப்படி, எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர் முதலிய விவரங்கள் படக்கோப்பிலேயே மீதரவாகப் பதிகின்றன. அச்சிட்ட படத்துக்கு வாய்க்காத சிறப்பு இது. ஆயினும், பதிவாவது கருவியின் கடிகாரம் காட்டிய நேரம் மட்டுமே. மின்கலம் தீர்ந்த கருவிகள் பல, உற்பத்தியாளர் அமைத்த தொடக்க நாளுக்கே திரும்பின. நேர வலயத்தைக் குறிக்கும் புலம் எக்சிஃப் வரையறையில் 2016இல்தான் சேர்ந்தது. நியூயார்க்கிலிருந்து சனவரியில் சென்னைக்கு வந்த ஒருவர், கடிகாரத்தை மாற்றாமல் காலை 9 மணிக்கு எடுக்கும் படத்தில் முந்தைய நாள் இரவு 10.30 மணி என்றே பதிவாகும்.

படத்தின் சான்று

ஆட்சியாண்டு சிதைந்த கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி கொண்டு கணிப்பது கல்வெட்டாய்வின் மரபு. அத்தகைய அகச்சான்றுகளைப் பொதுப் போக்குவரத்து நகரப் படங்களுக்கு வழங்குகிறது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931இல் தொடங்கிய மீட்டர் பாதை மின்தொடர் வண்டிச் சேவை 2004இல் முடிவுற்றது. பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2004இல் திருவான்மியூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் நீண்டது. கோயம்பேடு வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002இல் திறக்கப்பட்டது. மெட்ரோ பணி 2009இல் தொடங்கி, கோயம்பேடு–ஆலந்தூர் சேவை 2015இல் நடைமுறைக்கு வந்தது.

இவ்வாண்டுகளைக் கொண்டு கோப்பின் கூற்றைச் சோதிக்கலாம். கடற்கரை–தாம்பரம் தடத்தில் பயணிகளுடன் ஓடும் மீட்டர் பாதை வண்டியைக் காட்டும் கோப்பு 2006 எனக் குறிக்குமாயின், பிழை கடிகாரத்தினுடையதே. கோயம்பேட்டை அடுத்த சாலையில் மெட்ரோத் தூண்கள் எழுந்து, மேலே பாலம் இணையாத நிலையைக் காட்டும் படம் 2009க்கும் 2015க்கும் இடைப்பட்டது.

அகச்சான்றுகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. 1972இல் தோன்றிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் 1997இல் மாநகர் போக்குவரத்துக் கழகம் என மாறியது. புதிய பெயர் தாங்கிய வண்டி 1997க்கு முற்பட்டதாகாது; இது உறுதியான முன்னெல்லை. பழைய பெயரோ அதே உறுதியுடன் பின்னெல்லையைத் தருவதில்லை. வண்ணம் மாற்றப்படாத வண்டியும் பெயர் மாற்றப்படாத நிறுத்தப் பலகையும் சில காலம் நீடிக்கக்கூடும். பெயர், வண்ணம், பலகை ஆகியன இவ்வாறு நீடிப்பவை. தண்டவாளம் பெயர்க்கப்பட்டபின் அதன்மேல் வண்டி ஓடாது. எனவே, முரண் நேரும்போது கட்டுமானச் சான்றை முதலிலும், பெயர்ச் சான்றை அடுத்தும், கோப்பின் நேரத்தை இறுதியிலும் வைத்து எடைபோடுதல் தகும்.

இடைவெளிகள்

இப்படங்கள் நகரை முழுமையாகக் காட்டுவதில்லை. தொடக்ககாலத்தில் கருவியை வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. நாள்தோறும் பேருந்தை நம்பியிருந்த பலருக்கு அது கிட்டவில்லை. வண்டி ஆர்வலர் நல்ல வெளிச்சத்தில் வண்டியின் முழுத்தோற்றத்தை எடுக்க விரும்பினர். கூட்டம் அவர்களுக்கு இடையூறாகத் தோன்றியிருக்கலாம். சிறிய உணரிகள் குறைந்த ஒளியில் தெளிவற்ற படங்களையே தந்தன. ஆதலால் இரவுப் பயணமும் நெரிசல் நேரப் பயணமும் குறைவாகவே பதிவாயின. படத்தில் இல்லாமை வாழ்வில் இல்லாமைக்குச் சான்றாகாது. குறிப்பாக, பெண்களின் மாலைநேரப் பயணத்தை ஆராய்வோர் வாய்மொழி வரலாற்றையும் துணைக்கொள்ள வேண்டும்.

சான்றுகள் அழியும் வேகமும் கருதத்தக்கது. பலர் தம் படங்களைப் பகிர்ந்திருந்த ஆர்க்குட் 2014இலும், இடத்தோடு இணைத்துப் படங்களைக் காட்டிய பனோரமியோ 2016இலும் மூடப்பட்டன. எஞ்சிய படங்கள் செயலிகள் வழியே கைமாறும்போது பெரும்பாலும் சுருக்கப்படுகின்றன, மீதரவு நீங்கிவிடுகிறது. ஒரே படத்தின் பல படிகள் கிடைத்தாலும் மூலக்கோப்பு கிடைக்காத நிலை இவ்வாறு தோன்றுகிறது.

முடிவுரை

தொடக்ககால எண்ணிமப் படங்களின் வரலாற்று மதிப்பு, எடுத்தவர் கருதிய பொருளைவிடப் பின்னணியில் தற்செயலாகப் பதிந்தவற்றில் மிகுதியாக உள்ளது. அம்மதிப்பைப் பெற மூலக்கோப்பு மாறாமல் கிடைக்க வேண்டும். பல்கலைக்கழக நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் தனியார் வன்தட்டுகளிலும் குறுவட்டுகளிலும் உள்ள கோப்புகளை மீதரவுடன் பெற்று, கோப்பு கூறும் நாளையும் ஆய்வு கணித்த நாளையும் தனித்தனிப் புலங்களில் பதிவது பயன்தரும். தவறான நாளையும் திருத்தாமல் காத்தல் வேண்டும். எந்தக் கடிகாரம் எவ்வளவு பிழைபட்டது என்பதை அறிந்தால், அதே கருவியில் எடுத்த பிற படங்களின் காலத்தையும் கணிக்க இயலும். படத்தில் இடம்பெற்ற பயணிகள் தம் முகம் பதிவாவதற்கு இசைவு தந்தவர்கள் அல்லர் என்பதால், பொதுப்பார்வைக்கு வைக்கும் படிகளில் அவர்களின் அடையாளத்தைக் காப்பதும் இப்பணியின் பகுதியாகும்.