கரிசல் வீட்டு மின்கட்டணம்: யூனிட் விலையும் அடுக்கின் விளிம்பும்

மின்கட்டணங்களை ஒப்பிடுவோர் முதலில் கேட்பது யூனிட் விலையை. மின்சாரம் மிகுதியாகச் செலவாகும் வீட்டுக்கு அது போதும். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலையும் மானாவாரி வெள்ளாமையையும் நம்பிய சிறு வீடுகளுக்குப் போதாது. நிலைக்கட்டணம் உண்டா, ஓர் அடுக்கைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் விலையும் ஏறுமா, ஒரு மீட்டரை எத்தனை குடித்தனங்கள் பகிர்கின்றன என்ற மூன்றுமே அவ்வீடுகளின் சுமையைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். 75 வாட் மின்விசிறி நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 45 யூனிட் ஆகும். மூன்று எல்.இ.டி. விளக்குகளும் ஒரு தொலைக்காட்சியும் சேர்ந்தால் ஏறத்தாழ 67. கரிசல் வெக்கையில் அதே விசிறி பதினெட்டு மணி நேரம் ஓடினால் 103. புதிதாக எதுவும் வாங்காமலே, கோடையால் மட்டும் அவ்வீடு இலவச எல்லையைக் கடந்துவிடுகிறது.

இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது தமிழகத்தில் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் உண்டு. 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றம் கட்டண உயர்வு என்றே பேசப்பட்டது. 200 யூனிட் வீட்டுக்கு 170 ரூபாய் 225 ஆனதால் அது உண்மையே. ஆனால் அதே மாற்றம் வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தை நீக்கியது. 103 யூனிட் வீடு முன்பு மூன்று யூனிட்டுக்கு 4.50 ரூபாயும் நிலைக்கட்டணம் 20 ரூபாயும் செலுத்தியது, பின்பு 6.75 மட்டுமே. 126 யூனிட் வரை பில் குறைந்தது. முன்பு 201ஆம் யூனிட் பில்லை 63 ரூபாய் உயர்த்தியது, பின்பு 4.50 ரூபாய்தான். விலைகள் அதன்பின் மாறியிருந்தாலும், யூனிட் விலை ஏறியபோதே சிறு வீட்டின் சுமை இறங்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

கர்நாடகத்தின் கிருஹ ஜோதித் திட்டம் (2023) மாதம் 200 யூனிட் வரை இலவசம் தருகிறது. பார்வைக்கு அதுவே தாராளம். எனினும் 200ஐத் தாண்டினால் முழுப் பில்லையும் செலுத்த வேண்டும். தமிழகத்தின் இரு மாதக் கணக்கீட்டை மாதக் கணக்கீடாக மாற்றும் யோசனையையும் இவ்வாறே ஆராய வேண்டும். அடுக்குகளும் பாதியாக்கப்பட்டால், ஒரு மாதம் 70, மறுமாதம் 30 யூனிட் செலவிடும் வீடு இன்று கட்டாத 20 யூனிட்டுக்குக் கட்ட நேரும். அடுக்குகள் குறையாமல் கணக்கீட்டுக் காலம் மட்டும் குறைந்தால்தான் அது சலுகை.

வசதியானவருக்கும் 100 யூனிட் இலவசமா என்பது நியாயமான கேள்வி. தகுதி எல்லை வகுத்தால் கர்நாடகத்தின் செங்குத்து விளிம்பு இங்கும் வரும். மேலடுக்குகளில் கூடுதல் விலை வைத்து அந்த இலவசத்தின் செலவை ஈடுகட்டுவதே மேல். கம்பிக்கும் மின்மாற்றிக்குமான செலவு பயன்பாட்டால் மாறாது, ஆகவே நிலைக்கட்டணம் வேண்டும் என்பாரும் உண்டு. ஆனால் அக்கட்டமைப்பின் அளவை உச்சத் தேவையே நிர்ணயிக்கிறது. ஒற்றை விசிறி வீட்டின் பங்கு அதில் சிறிது. பிரிட்டனில் 2024இல் நாளொன்றுக்குச் சுமார் 60 பென்சு நிலைக்கட்டணம், விளக்கே ஏற்றாத வீட்டின்மீதும் விழுந்தது.

மிஞ்சி நிற்கும் அநீதி மீட்டரில் இருக்கிறது. ஒரே இணைப்புள்ள வளவில் மூன்று குடித்தனங்கள் தலா 90 யூனிட் செலவிட்டால் மொத்தம் 270. 2022 விலையில் 540 ரூபாய். தனித்தனி மீட்டர் இருந்தால் மூவருக்கும் பில் பூச்சியம். ஒரே குடும்பம் பல இணைப்பு பெற்றுச் சலுகையைப் பெருக்கிக்கொள்ளும் என்ற அச்சம் பொய்யல்ல. அதற்குக் குடும்ப அட்டை கொண்டு சரிபார்ப்பதே வழி; வாடகைக் குடித்தனத்துக்குத் தனி மீட்டரை மறுப்பது வழியாகாது. இலவச யூனிட்டுகளை இன்னும் கூட்டுவதற்கு முன், ஏற்கெனவே தரப்படும் நூறும் ஒவ்வொரு குடித்தனத்தையும் சென்றடையச் செய்வதே அரசு முதலில் ஆற்ற வேண்டிய கடமை.