டான்சில் நோயும் கண்ணளவுத் தீர்ப்பும்

1934-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் நியூயார்க் நகரத்துப் பள்ளிச் சிறார் 1000 பேரை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு, டான்சில் சிகிச்சையைப் பற்றி விவாதிக்கப் புகுவோர் எவரும் எளிதில் கடந்து போகக்கூடியதன்று. பதினோரு பிராயத்தினரான அச்சிறாருள் 611 பேருக்கு டான்சில் முன்னமே அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரைப் பார்த்த வைத்தியர்கள் 174 பேருக்கு ரண சிகிச்சை அவசியம் என்றனர். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட 215 பேரை மறுபடி பரிசோதனைக்கு உட்படுத்தியபோது 99 பேர் பொறுக்கியெடுக்கப்பட்டனர். அதிலும் தப்பிய 116 பேருள் மூன்றாம் முறையில் 51 பேர் கத்திக்கு உரியவராயினர். நோயுற்ற டான்சிலையும் நோயற்றதையும் பிரித்தறியும் அளவுகோல் ஒன்றும் இன்றி, பார்த்தவருள் பாதிப்பேருக்கு அறுவை விதிப்பது என்னும் சம்பிரதாயமே அங்கு நடந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் கொள்ளுதல் அரிது.

இங்கிலாந்தில் 1938-இல் கிளோவர் என்னும் வைத்தியர் இதனை மற்றொரு வழியில் மெய்ப்பித்தார். ஹார்ன்சி என்ற ஊரில் 1929-இல் பள்ளி வைத்திய அதிகாரி மாறியதும் அறுவைகளின் தொகை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வீழ்ந்தது. அதனால் சிறாருக்குக் காது நோய் பெருகியதாகக் காணோம்.

கண் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. வால்டையர் என்னும் உடற்கூற்று அறிஞர் 1884-இல் விவரித்த, தொண்டை வாயிலைச் சூழ்ந்த நிணத்திசு வளையத்தின் ஒரு கூறே டான்சில். உணவோடும் மூச்சோடும் நுழையும் கிருமிகளை உடல் முதன்முதலில் அறிந்துகொள்ளும் இடங்களுள் ஒன்றாகிய அது, இளம் பிராயத்தில் பருத்து, பருவம் எய்திய பின் தானே சுருங்குவது இயல்பு. ஆறு வயதுக் குழந்தையின் பெரிய டான்சில் வளர்ச்சியின் அடையாளமாகவும் இருக்கலாம்.

கத்தி பின்வாங்கிவிட்டது உண்மையே. ஆயினும் கண்ணளவுத் தீர்ப்பு ஒழிந்ததாகச் சொல்ல இயலவில்லை. சிவந்த தொண்டையைக் கண்ட மாத்திரத்தில் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கும் வழக்கமாக அது உருமாறியிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். தொண்டை வலியோடு வரும் குழந்தைகளுள் பத்தில் மூவருக்கு மேல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி காரணமாக இருப்பதில்லை. பெரும்பாலும் வைரஸே காரணம். (நம் வீடுகளில் பழி முழுவதும் ஐஸ்கிரீமின் தலையில் விழுகிறது, தொற்றைக் கொணர்வது குளிர்ச்சியன்று, பக்கத்தில் அமர்ந்து இருமும் தோழனே.) டான்சிலின் மீது வெண்படலம் படிந்திருப்பதும் நிச்சயமான சாட்சியன்று. எப்ஸ்டீன்-பார் வைரஸும் அப்படியே செய்யும். அந்நிலையில் அமாக்சிசிலின் கொடுத்தால் உடலெங்கும் தடிப்பு எழுவது வைத்தியர்கள் நன்கறிந்த விஷயம்.

காய்ச்சல், டான்சிலில் சீழ், கழுத்தின் முன்பக்கத்தில் தொட்டால் வலிக்கும் நெறிகட்டி, இருமல் இன்மை என்று 1981-இல் சென்டர் என்னும் வைத்தியர் வகுத்த நான்கு குறிகள் சந்தேகத்தைக் குறைக்கும், தீர்க்கமாட்டா. தீர்ப்பதற்குச் சோதனை வேண்டும். நாவை அழுத்திப் பிடித்து, கன்னத்திலும் நாவிலும் படாமல் இரு டான்சில்களையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்து, ஆட்டு இரத்தம் கலந்த அகார்த் தட்டில் இழுத்து வைத்தால், ஓரிரு நாளில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்குமாயின், ஊசிமுனை போன்ற வெண்புள்ளிகளைச் சுற்றிச் செந்நிறம் கரைந்து தெளிந்த வட்டங்கள் தோன்றும். அதுவரை காத்திருப்பது ஆபத்தல்லவா எனில், அன்று. இக்கிருமியால் பின்விளையும் முடக்குக் காய்ச்சல் இதய வால்வுகளைச் சிதைக்கவல்லதுதான். நம் நாட்டு ஏழைக் குடும்பங்களை அது இன்னும் விட்டபாடில்லை. எனினும் நோய் தோன்றி ஒன்பது நாளுக்குள் பெனிசிலினைத் தொடங்கினால் அதனைத் தடுக்கலாம். ஆகவே பரிசோதனைக்கு அவகாசம் உண்டு. அவகாசம் இல்லாதது, மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதென்று மாத்திரையை நிறுத்தும் வழக்கத்துக்கே. பத்து நாளும் கொடுத்தாக வேண்டும். ஆனால் வாய் திறக்க முடியாமல், குரல் அடைத்து, உமிழ்நீர் விழுங்கவும் இயலாமற் போயின் டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கக்கூடும். அப்போது ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அறுவை எவருக்கு என்ற வினாவுக்கு, பிட்ஸ்பர்க் நகரில் பாரடைஸ் என்னும் வைத்தியரின் குழுவினர் செய்த ஆய்வுகள் எண்ணால் விடை தந்தன: ஓராண்டில் ஏழு முறை, அல்லது ஈராண்டும் ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூவாண்டும் ஆண்டுக்கு மூன்று. இவ்வெண்ணிக்கையும் பெற்றோரின் ஞாபகத்தைக் கொண்டு போடப்படலாகாது. அடிக்கடி தொண்டைப்புண் என்று சொல்லப்பட்ட குழந்தைகளை அவர்கள் தொடர்ந்து கவனித்தபோது, சொன்னபடியே நோய் வந்தது 17 சதவிகிதத்தினருக்கு மட்டுமே. தேதி, காய்ச்சலின் அளவு, சோதனை முடிவு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வரும் தாய், தொண்டையை ஒரு முறை எட்டிப் பார்க்கும் நிபுணரைவிட உறுதியான ஆதாரத்தைக் கையில் வைத்திருக்கிறாள்.

பருமன் பொருட்படுத்தத்தக்கதாகும் சந்தர்ப்பம் ஒன்றுண்டு. உறக்கத்தில் டான்சில் மூச்சை அடைத்துவிடும் குழந்தைகளின் நிலை அது. அங்கும் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதை இரவில் கவனித்த பின்னரே, பகலில் வாய்க்குள் தெரிந்த பருமனுக்கு மதிப்பு ஏற்படுகிறது.